பத்தாம் வகுப்போடு நின்றவள்

நொய்ஹாகன் அகதிகள் விடுதி
12.10.1986

அன்புள்ள ஞானம் அண்ணைக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். தடிமன் ஒன்று வந்து போனது, மற்றப்படி உடம்புக்குக் குறையில்லை. உங்கள் சுகத்தை எழுதுங்கள். கோப்பை கழுவிக் கழுவிக் கையில் வந்த வெடிப்பு மாறிவிட்டதா? ஊரில் கலாதேவி மச்சாளும் பிள்ளையும் எப்படி? கடிதம் வந்ததா?

ஒரு பெரிய விஷயம் எழுதப் போகிறேன். ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

எங்களுக்கு ஜெர்மன் படிப்பிக்கத் தேவாலயத்திலிருந்து வருகிற லின்ட்னர் அம்மாவைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன். போன கிழமை பேச்சுவாக்கில், நான் யாழ்ப்பாணத்தில் பி.எஸ்சி. முடித்தவள் என்று சொல்லிவிட்டேன். அவர் கையிலிருந்த சோக்கைக் கீழே வைத்துவிட்டார். "இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்று கேட்டார். அடுத்த நாளே பல்கலைக்கழகத்துக்கு டெலிபோன் எடுத்து விசாரித்து வந்தார். வெளிநாட்டில் விஞ்ஞானப் பட்டம் எடுத்தவர்கள் இங்கே மருத்துவபீடத்துக்கு விண்ணப்பிக்கலாமாம். எங்களுடைய ஏ.எல். சோதனையை மட்டும் காட்டினால் காணாதாம். பட்டமும் இருந்தால் கதவு திறக்குமாம். வெளிநாட்டவருக்கென்று கொஞ்ச இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மொழிச் சோதனை ஒன்று எழுதவேண்டும். ஜூலை நடுப்பகுதிக்குள் விண்ணப்பம் போய்ச் சேரவேண்டும்.

அண்ணை, நான் பி.எஸ்சி.க்கு விரும்பிப் போனவள் இல்லை. வேறு மாவட்டத்தில் பிறந்திருந்தால் என் புள்ளிகளுக்கு மருத்துவபீடம் தாராளமாகக் கிடைத்திருக்கும். தரப்படுத்தல் என்று ஒரு சொல்லைக் கொண்டுவந்து, யாழ்ப்பாணத்தாளுக்கு ஒரு வெட்டுப்புள்ளி, மற்றவளுக்கு வேறொரு வெட்டுப்புள்ளி என்று கோடு போட்டார்கள். என்னைவிடக் குறைய எடுத்தவர்கள் இன்று டொக்டர்மார். நான் அகதி விடுதியில் உருளைக்கிழங்கு உரிக்கிறேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் மாட்டாது.

உடனே வெளிநாட்டவர் கந்தோருக்குப் போனேன். நான் படிப்பதென்றால் அவர்கள் அனுமதி தரவேண்டும். அங்கே இருக்கிற உத்தியோகத்தன் என் கோவையை விரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "பத்தாம் வகுப்போட நிண்டவள் எண்டெல்லோ இஞ்ச எழுதிக் கிடக்கு. பத்தாம் வகுப்புக்காரி டொக்டராகப் போறாவோ?" என்றான். பக்கத்து மேசைக்காரிக்கும் வாசித்துக் காட்டினான். அவளும் சிரித்தாள்.

அது நீங்கள் சொல்லச் சொன்னது. நான் கிழக்கு பேர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி மேற்கு பேர்லினுக்கு வந்த அன்று டெலிபோனில் சொன்னீர்கள்: "படிச்சனான் எண்டு வாயே திறக்காதை. படிச்ச ஆக்கள் எண்டால் உழைக்க வந்தவை எண்டு திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். பத்தாம் வகுப்பு எண்டு மட்டும் சொல்லு." விசாரணையில் நானும் அப்படியே சொன்னேன். இப்போது அதைத் திருத்தவேண்டும். திருத்துவதற்குச் சான்றிதழ் வேண்டும்.

அப்பாவுக்கு எழுதிவிட்டேன். பட்டச் சான்றிதழைப் பதிவுத் தபாலில் எசனுக்கு, உங்கள் விலாசத்துக்கு அனுப்புவார். இந்த விடுதியில் தபாலை வாசலில் ஒரு பெட்டிக்குள் கொட்டிவிட்டுப் போகிறார்கள், யார் எடுப்பது என்று கணக்கில்லை. வந்தவுடன் எனக்கு அனுப்பி வையுங்கள். நேரே வந்து வாங்கத்தான் ஆசை. ஒரு மணித்தியால ரயில். ஆனால் அனுமதியில்லாமல் என் மாவட்ட எல்லையை நான் தாண்டினால் எனக்குத் தண்டம், நீங்கள் தாண்டினால் உங்களுக்குத் தண்டம். ஒரே நாட்டுக்குள் இருந்துகொண்டு அண்ணனும் தங்கச்சியும் முத்திரை ஒட்டிக் கதைக்க வேண்டிக் கிடக்கிறது.

காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போங்கள். குளிர் தொடங்கிவிட்டது.

உங்கள் அன்புத் தங்கை
ஜெயமலர்


எசன்
2.11.1986

அன்புத் தங்கச்சி மலருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கடவுள் கிருபையால் நான் நல்ல சுகம். கைக்குப் பூச மருந்து எடுத்திருக்கிறேன், பறவாயில்லை. மச்சாள் எழுதியிருந்தாள். பிள்ளை பந்தைக் கண்டால் விடமாட்டானாம்.

மருத்துவம் நல்ல விஷயம்தான். ஆனால் அவசரப்படாதே. கந்தோரில் எதையும் திருத்தப் போகாதே. எழுதினது எழுதினபடி இருக்கட்டும். என் அகதி மேன்முறையீட்டு வழக்கு வசந்தகாலத்தில் வருமென்று வழக்கறிஞர் சொல்கிறார். அது முடியட்டும், பிறகு யோசிப்போம். என்னோடு இருக்கிற அந்தோனிப்பிள்ளை அண்ணையும் அதைத்தான் சொல்கிறார். வழக்கு விஷயத்தில் அவருக்கு நல்ல அனுபவம்.

டுசல்டோர்ஃபில் சந்திரமௌலி என்று ஒரு பெடியன் இருக்கிறார். நல்ல குடும்பம், ஒழுக்கமானவர், குடிப்பதில்லை. அவருடைய தமக்கை உன் படம் ஒன்று கேட்டிருக்கிறா. நல்ல படமாகப் பார்த்து அனுப்பு.

சான்றிதழ் இன்னும் வரவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்பு அண்ணை
ஞானசுந்தரம்


நொய்ஹாகன்
23.11.1986

அன்புள்ள அண்ணைக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். பிள்ளை பந்து விளையாடுவதை வாசித்துச் சிரித்தேன்.

சந்திரமௌலி அவர்களுக்கு என் வாழ்த்துகள். அவருடைய தமக்கைக்குப் படம் வேண்டுமென்றால் நான் தவளை வெட்டிக்கொண்டு நிற்கிற பல்கலைக்கழகப் படம் ஒன்று இருக்கிறது, அதை அனுப்புகிறேன்.

கந்தோரில் எல்லை தாண்டக் கடதாசி எடுத்துக்கொண்டு பல்கலைக்கழக ஆலோசகரைப் பார்க்கப் போய் வந்தேன். லின்ட்னர் அம்மாவும் வந்தார். ஆலோசகர் மரியாதையான மனிதர். ஆனால் மரியாதையாகவே வயிற்றெரிச்சலைக் கிளப்பினார். நான் படித்த விலங்கியல், தாவரவியல், இரசாயனம் ஒன்றிலும் ஒரு தவணைகூடக் கழித்துத் தரமாட்டார்களாம். முதலாம் தவணையிலிருந்து, பள்ளிக்கூடம் விட்டு நேரே வருகிற பிள்ளைகளோடுதான் தொடங்கவேண்டுமாம். எத்தனை வருடப் படிப்பும் இங்கே வாசலைத் திறக்கிற ஒரு திறப்பு மட்டும். என் மூளை சுங்கத்தில் பிடிபட்ட சாமான் மாதிரி மேசையில் கிடந்தது, அவர் அதைத் தட்டிப் பார்த்து விலை குறைத்தார். சரி, திறப்பாவது கிடைக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். அந்தத் திறப்பு அப்பா அனுப்புகிற சான்றிதழ்தான். அது இல்லாவிட்டால் நான் பத்தாம் வகுப்புக்காரி.

இன்னொரு விஷயம். எங்கள் விடுதியில் மேல்மாடியில் இருந்த பொறியியலாளருக்கும் மனைவிக்கும் அகதி அந்தஸ்து கொடுத்துவிட்டார்கள். அந்த மனிதர் விசாரணையில் தான் பொறியியலாளர் என்று உள்ளதை உள்ளபடியே சொன்னவராம். படித்தவர்களைத் திருப்பி அனுப்புவார்கள் என்று சொன்னீர்களே, அது யார் சொன்ன கதை? இதற்கு மட்டும் மறக்காமல் பதில் எழுதுங்கள்.

சான்றிதழ் வந்தவுடன் அனுப்புங்கள்.

அன்புத் தங்கை
ஜெயமலர்


எசன்
4.1.1987

அன்புத் தங்கச்சிக்கு,

புதுவருட வாழ்த்துகள். பதில் எழுதப் பிந்திவிட்டது. நத்தார்ச் சனம் குவிந்து குசினியில் மூச்சுவிட நேரமில்லை. சுகத்துக்குக் குறைவில்லை. நீ சுகமா? அங்கே பனி கூடவோ?

யாழ்ப்பாணத்துக்கு எண்ணெய் வருவதையும் மறித்துவிட்டார்களாம். மச்சாள் விறகுக்கு அலைகிறாள் என்று கேள்விப்பட்டேன். இப்படியான நேரத்தில் தபால் எப்படி ஒழுங்காக ஓடும், நீயே யோசி.

உனக்கு ஒரு சுவெட்டர் அனுப்பியிருக்கிறேன். மலிவு விற்பனையில் எடுத்தது இல்லை, நல்ல கம்பளி. சந்திரமௌலியின் தமக்கை மறுபடி கேட்டா.

இருட்டின பிறகு வெளியே போகாதே.

அன்பு அண்ணை
ஞானசுந்தரம்


நொய்ஹாகன்
15.2.1987

அண்ணைக்கு,

சுகம். சுவெட்டர் அளவாக இருக்கிறது. நன்றி.

அப்பாவின் கடிதம் சுற்றிச் சுழன்று நேற்று வந்து சேர்ந்தது. அவருடைய கவனம் உங்களுக்குத் தெரியுமே. பதிவுத் தபால் அனுப்பினால், பெற்றவர் கையெழுத்து வைத்த அட்டை திரும்பி வரும்படி தனியாகக் காசு கட்டித்தான் அனுப்புவார். அப்படியே எழுதியிருக்கிறார்: "அண்ணன் கையெழுத்து வைத்து எடுத்த அட்டை எனக்குக் கிடைத்துவிட்டது. உன் சான்றிதழ் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. இனி நீ நிம்மதியாகப் படி மகள்." கையெழுத்தின் திகதி நவம்பர் கடைசி.

உங்கள் ஜனவரிக் கடிதத்தை எடுத்துத் திரும்ப வாசித்தேன். கெட்டித்தனமாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். சான்றிதழ் வரவில்லை என்று அதில் ஓரிடத்திலும் இல்லை. எண்ணெய் இருக்கிறது, விறகு இருக்கிறது, தபால் எப்படி ஓடும் என்று என்னையே யோசிக்கச் சொன்ன அறிவுரை இருக்கிறது. நான் மடைச்சி மாதிரி யோசித்துக்கொண்டு, தினமும் அந்தத் தபால் பெட்டிக்குள் கையை விட்டுக் கிளறினேன்.

என்னிடம் ஏன் மறைத்தீர்கள்? அந்தப் பெடியனுக்குப் படிப்புக் கூடின பெண் வேண்டாமாமோ? அப்படியென்றால் அதையாவது நேராகச் சொல்லுங்கள், நான் கோபித்துவிட்டுப் போகிறேன்.

இந்தக் கிழமையே அனுப்புங்கள்.

ஜெயமலர்


எசன்
8.3.1987

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம்.

வந்தது உண்மை. பத்திரமாக இருக்கிறது. சந்திரமௌலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. என் வழக்கு முடியும்வரை பொறுத்துக்கொள். காரணம் கேட்காதே. உனக்குக் கெடுதல் நினைக்கிற அண்ணன் நான் இல்லை.

தயவுசெய்து கந்தோர்ப் பக்கம் போகாதே.

அண்ணை


நொய்ஹாகன்
5.4.1987

அண்ணைக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. ஆனாலும் அப்பா பழக்கிய பழக்கம் விடவில்லை. சுகமா?

நான் கந்தோருக்குப் போகவில்லை. அவர்கள்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் படிக்கக் கேட்ட பிறகு என் கோவையைக் கிளறியிருக்கிறார்கள். மேசையில் என் கோவைக்கு மேலே இன்னொரு கோவை கிடந்தது. அதில் உங்கள் பெயர். அந்த உத்தியோகத்தன் இந்தமுறை சிரிக்கவில்லை. நிறுத்தி நிறுத்தி வாசித்தான், எனக்கு விளங்கவேண்டுமாம்:

"உம்மட தமையன் எண்பத்திநாலில சொன்னது இது. எழுபத்தொன்பதில ஆமி வந்தாப்போல, பள்ளிக்கூடம் போற வழியில தங்கச்சியை மறிச்சுக் கரைச்சல் குடுத்தவை. அவள் பத்தாம் வகுப்போட படிப்பை விட்டிட்டாள். இது அவர் தன்ர வழக்குக்குக் காட்டின காரணங்களில ஒண்டு. நீர் பட்டதாரி எண்டால் அவர் பொய்யர். அவர் சொன்னது உண்மை எண்டால் நீர் பொய் சொல்லுறீர். ஆர் எண்டு யோசிச்சு வந்து சொல்லும்."

விடுதிக்கு வந்து உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துத் திரும்ப வாசித்தேன்.

இப்போது எல்லாம் விளங்குகிறது. படித்தவர்களைத் திருப்பி அனுப்புவார்கள் என்ற கதையை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. நான் விமானம் ஏறுவதற்கு ஒரு வருடம் முன்பே என் படிப்பை உங்கள் வழக்குக்கு எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். பிறகு நான் வந்து உள்ளதைச் சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில், என் நன்மைக்குச் சொல்வதுபோல டெலிபோனில் சொன்னீர்கள். நானும் அண்ணை என்னைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்து, என் வாயாலேயே என் பட்டத்தை அழித்தேன்.

எனக்கு விளங்காத ஒன்று இருக்கிறது. உங்களை ஆமி முகாமுக்குக் கொண்டுபோய் அடித்தது பொய்யா? நீங்கள் திரும்பி வந்தபோது குப்புறக் கிடந்துதான் படுத்தீர்கள். முதுகுக்கு மருந்து கட்டியது நான். அது காணாதா இவர்களுக்கு? உண்மையாக அடி வாங்கிய மனிதனிடம், அடி காணாது, தங்கச்சியின் படிப்பையும் சேர்த்துக் கொடு என்று சொன்னது யார்? அனுபவசாலி அந்தோனிப்பிள்ளை அண்ணையா? அவருக்குத் தங்கச்சிமார் இல்லையோ?

மருத்துவபீடத்தை ஒரு அரசாங்கம் என்னிடமிருந்து பறித்தது. எண்பத்தொன்றில் நூலகம் எரிந்த பிறகும் விரிவுரைக் குறிப்புகளை வைத்தே படித்தேன். வீதியில் ஆமிக்காரன் நின்றான்தான், கரைச்சல் தந்தான்தான். நான் நிற்கவில்லை, அண்ணை. ஒரு நாளும் நிற்கவில்லை. பயந்து பயந்து அந்த வழியால் போய்த்தான் சோதனை எழுதினேன். அதுதான் உண்மை, அதுதான் அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டிய கதை. அவர்களால் பறிக்க முடியாமல்போன ஒன்றை என் சொந்த அண்ணன் ஒரு வசனத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

மச்சாளும் பிள்ளையும் என்று எழுதுவீர்கள். எனக்குத் தெரியாதா? அவர்கள் வந்து சேரவேண்டும் என்று நானும்தான் தினமும் நினைக்கிறேன். என்னைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. நீங்கள் கேட்கவேயில்லை.

இப்போது நான் உண்மையைச் சொன்னால் உங்கள் வழக்கு போகும். பொய்யைச் சொன்னால் என் வாழ்க்கை போகும். என்ன செய்யலாம் என்று நீங்களே எழுதுங்கள். நீங்கள் சொல்லிக் கொடுக்கிறதில் கெட்டிக்காரர்தானே.

ஜெயமலர்


நொய்ஹாகன்
24.5.1987

அண்ணைக்கு,

சுகமா? உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. தினமும் பார்த்தேன். கடைசியில் நீங்கள் எழுதாமலே எனக்கு விசாரணை வந்துவிட்டது. உங்கள் வழக்கை ஒத்திவைத்துவிட்டு, நான் சொல்வதை எழுதி அனுப்பும்படி நீதிமன்றம் இங்கே கேட்டிருந்ததாம். நடந்ததை எழுதுகிறேன், தெரிந்திருக்க வேண்டியது உங்கள் உரிமை.

மொழிபெயர்க்க வந்தவர் சேஷாத்ரி என்று ஒரு இந்தியத் தமிழர். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாராம், நல்ல பிள்ளை. எனக்கு ஜெர்மன் தெரிந்தாலும் சட்டப்படி ஒருவர் இருக்கவேண்டுமாம்.

முதலில் உள்ளதைச் சொன்னேன். நான் பட்டதாரி, சான்றிதழ் இருக்கிறது, பயத்தில் மாற்றிச் சொன்னேன் என்றேன். யாருக்குப் பயம், எதற்குப் பயம் என்று கேட்டார்கள். அங்கிருந்து வந்த எவருக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரைக் கண்டால் பயம்தான் என்று விளக்கிப் பார்த்தேன். உத்தியோகத்தன் பேனாவைக் கூடத் தொடவில்லை. "அப்ப உம்மட தமையன் நீதிமன்றத்தை ஏமாத்தப் பொய் சொல்லியிருக்கிறார். அப்பிடி எழுதட்டோ?" என்று கேட்டான்.

அப்போது எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. சொன்னேன்:

"ஏமாத்தச் சொல்லேல்லை. அவர் ஏ.எல். சோதினை ரெண்டு தரம் எடுத்துப் பெயிலாப் போனவர். நான் முதல் தரத்திலேயே பாஸ். தங்கச்சி தன்னைவிடப் படிச்சவள் எண்டு வெளியில சொல்ல அவருக்கு வெக்கம். ஆர் கேட்டாலும் தங்கச்சி பத்தாம் வகுப்பு எண்டுதான் சொல்லுவார். உங்களுக்கும் அதையே சொல்லியிருக்கிறார். தமையன் சொன்னதுக்கு மேலால நான் எப்பிடிக் கதைக்கிறது? அதுதான் நானும் அப்பிடிச் சொன்னனான்."

சேஷாத்ரி என்னையே பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, "மேடம், இத அப்படியே டிரான்ஸ்லேட் பண்ணட்டுமா? உங்க பிரதருக்கு ரொம்ப இன்சல்ட்டா இருக்குமே" என்றார். "ஒரு சொல்லும் விடாமல் சொல்லுங்கோ" என்றேன்.

சொன்னார். உத்தியோகத்தன் பேனாவை எடுத்தான்.

அண்ணை, அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இவ்வளவு நாளும் என்னைக் கள்ளியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தவன், இரக்கத்தோடு பார்த்தான். தலையை ஆட்டினான். "உங்கட நாடுகளில பொம்பிளையளின்ர நிலைமை எங்களுக்குத் தெரியும்" என்றான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். உண்மையைச் சொன்னபோது நம்பாதவன், எங்கள் ஆம்பிளைகளைக் கேவலப்படுத்துகிற கதை ஒன்று சொன்ன உடனே பக்கம் பக்கமாக எழுதினான். அவனுக்கு நான் நன்றி வேறு சொல்லவேண்டியிருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதைப் பொய் என்று நினைத்துத்தான் சொன்னேன். விடுதிக்கு வந்து படுத்த பிறகு, பொய்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. என் சோதனை முடிவு வந்த அன்று அம்மா பாயாசம் காய்ச்சினா. நீங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர், ஆறிப்போன பிறகுதான் வந்தீர்கள். பசிக்கவில்லை என்றீர்கள். அன்றைக்கு நான் அதைக் கவனிக்கவில்லை. ஞானம் அண்ணை, நான் சொன்னது பொய்யா?

சான்றிதழை அனுப்புங்கள். இனிமேல் அதை ஒளித்துவைத்து உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

ஜெயமலர்


எசன்
20.6.1987

தங்கச்சிக்கு,

சுகம்.

நீ கேட்டது இத்துடன் இருக்கிறது. மடிபடாமல் இரண்டு மட்டைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். பதிவுத் தபாலில் உன் பெயருக்கு, நீயே கையெழுத்து வைத்து எடுக்கும்படி அனுப்புகிறேன்.

திரும்பவும் தடிமன் என்று லின்ட்னர் அம்மா டெலிபோனில் சொன்னா. கொத்தமல்லி அவித்துக் குடி.

அண்ணை


எசன்
30.8.1987

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சுகம். உன் சுகம் அறிய ஆவல். இங்கே வெயில் போய்விட்டது.

என் வழக்கு வென்றுவிட்டது. வழக்கறிஞர் எல்லாம் நல்லபடி முடிந்தது என்றார். அகதிகளுக்குக் கொடுக்கிற நீலப் பாஸ்போட் எடுக்க விண்ணப்பம் போட்டிருக்கிறேன். மச்சாளையும் பிள்ளையையும் கூப்பிட அடுத்த கிழமை எழுதிக் கொடுப்பேன். சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஓடுகிறதாம், கொழும்புக்கு வருவது சுகமாம். பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கி வைத்திருக்கிறேன், அளவு தெரியாமல் பெரிதாகத்தான் எடுத்தேன்.

சந்திரமௌலி வேறு இடத்தில் சம்பந்தம் செய்துகொண்டார்.

இனி எனக்கு எல்லைக் கட்டுப்பாடு இல்லை. நீ விரும்பினால் உன்னைப் பார்க்க வருவேன். விரும்பாவிட்டால் வரவில்லை.

மொழிச் சோதனை என்ன மாதிரி?

அன்பு அண்ணை
ஞானசுந்தரம்


நொய்ஹாகன்
27.9.1987

அன்புள்ள ஞானம் அண்ணைக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமாக இருப்பதும், மச்சாளும் பிள்ளையும் வரப்போவதும் மனதுக்கு நிறைவாக இருக்கிறது. இதை முகத்துக்காக எழுதவில்லை. சப்பாத்துப் பெரிதென்றால் பஞ்சு வைத்துப் போடலாம்.

மொழிச் சோதனை பாஸ். மருத்துவபீடத்தில் இடம் கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் தொடங்குகிறது. கந்தோரில் படிக்க அனுமதி தந்துவிட்டார்கள். ஆனால் என் வழக்கு இன்னும் முடியவில்லை. பல்கலைக்கழகம் எல்லைக்கு வெளியே இருப்பதால் ஒவ்வொரு தவணையும் போய்வரக் கடதாசி கேட்டு வரிசையில் நிற்கவேண்டும். மனித உடம்பை வெட்டிப் படிக்க விடுகிறவர்களுக்கு என்னை ரயிலில் ஏறவிடப் பயம். அதே உத்தியோகத்தன்தான் கடதாசியைத் தந்தான். "பாத்தீரே, இஞ்ச ஒரு தமையனும் உம்மை மறிக்க ஏலாது" என்று வாழ்த்தினான். அவனுடைய வாழ்த்தை அவனுடைய மேசையிலேயே விட்டுவிட்டு வரத்தான் விருப்பமாக இருந்தது. கடதாசி தேவைப்பட்டதால் சிரித்தேன்.

உங்கள் தீர்ப்பின் பிரதியை வழக்கறிஞர் எனக்கும் அனுப்பியிருந்தார். லின்ட்னர் அம்மாவோடு இருந்து வாசித்தேன். முகாமில் நடந்ததை நம்பியிருக்கிறார்கள். உங்கள் முதுகை டொக்டர் பார்த்து எழுதியதே காணுமாம், வேறொன்றும் தேவையில்லையாம். என் படிப்பை நீங்கள் தொட்டிருக்கவே தேவையில்லை, அண்ணை. அதை வாசித்தபோது எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அடுத்த பக்கத்தில், தங்கையைப் பற்றி நீங்கள் பொய் சொன்னதற்குக் காரணம் உங்கள் சமூகத்து ஆண்களின் பொறாமையும் வெட்கமும் என்று நான்கு வரி. அந்த நான்கு வரி உங்கள் பெயருக்குக் கீழே அரசாங்கத்துக் கோவையில் என்றைக்கும் கிடக்கும். எழுத வைத்தவள் நான். அதற்காக மன்னிப்புக் கேட்கமாட்டேன். கேட்கவேண்டும் என்று சில நேரம் நெஞ்சுக்குள் வரும், பிறகு அந்த நவம்பர் முதல் தபால் பெட்டிக்குள் கிளறியது நினைவு வரும்.

உங்கள் கடிதத்தை வாசித்தேன். வெயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது, சப்பாத்து இருக்கிறது. நான் சொன்னது பொய்யா என்று மே மாதம் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை.

ஆனால் அந்தக் கடிதத்தை எனக்கு எடுத்துத் தந்தது விடுதிக் காவலாளி. உறையைப் பிடித்துக்கொண்டு, "இதென்ன, பேருக்குப் பின்னால ஏதோ கிடக்கு? இப்பிடி ஒருவர் இஞ்ச இல்லையே" என்று கேட்டான். வாங்கிப் பார்த்தேன். செல்வி ஜெயமலர் குணசேகரம், பி.எஸ்சி. (யாழ்ப்பாணம்) என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். ஊரில் கலியாண அழைப்பிதழில் போடுவதுபோல அடைப்புக்குறியெல்லாம் போட்டு, கீழே கோடும் இழுத்து. ஜெர்மன் தபால்காரனுக்கு அது எதற்கு? அவனுக்காக நீங்கள் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். "அது நான்தான்" என்று காவலாளிக்குச் சொன்னேன். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது, அவன் பயந்துபோனான்.

வாருங்கள், அண்ணை. எந்த ஞாயிற்றுக்கிழமை என்றாலும் வாருங்கள், சமைத்து வைக்கிறேன். ஆனால் வருவதற்கு முன்னம் இன்னொரு கடிதம் போடுங்கள். உறைக்கு மேலே எழுதினது காணாது. உள்ளேயும் எழுதுங்கள்.

அன்புத் தங்கை
ஜெயமலர்